சிக்கிய காலும் நடந்து வந்த அம்மாவும்: ஆம்புலன்ஸ் பயிற்சி இடறும் இடங்கள்

இது நடந்த ஒரு விபத்தின் அறிக்கை அல்ல. சாலை விபத்து மீட்பில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் பிழைகளைப் பயிற்சிக்காக ஒரே நிகழ்வாகக் கோத்தது. நேரங்கள் யாவும் ஆம்புலன்ஸ் போய் நின்ற நொடியிலிருந்து கணக்கிட்டவை.

வண்டியில் இரண்டு பேர். மூத்தவர் பாராமெடிக், சிரை வழியாக மருந்து கொடுக்கவும், மார்பில் ஊசி இறக்கிக் காற்றை வெளியேற்றவும் தகுதி உள்ளவர். இளையவர் அடிப்படை நிலை ஆம்புலன்ஸ் அலுவலர். வண்டி ஓட்டுவதும் அவரே. இருவரின் சான்றிதழும் நடப்பில் இருக்கிறது. டூர்னிக்கெட் (இரத்தப்போக்கை நிறுத்தக் கை காலை இறுக்கும் பட்டை) கட்டுவது, ஆக்சிஜன் கொடுப்பது, கழுத்தை அசையாமல் பிடிப்பது என ஒவ்வொன்றையும் தனித்தனி மேசையில் செய்துகாட்டித் தேறியவர்கள். அப்படித் தேறிய இருவர், காரில் சிக்கிய ஒருவரை வெளியே எடுப்பதில் 16 நிமிடங்களைக் கூடுதலாக இழந்தது எப்படி என்பதுதான் ஆய்வுக்குரிய கேள்வி.

நிகழ்வு

இருட்டிய நேரம், தூறல். இருவழிச் சாலையின் ஓரத்தில் நின்றிருந்த லாரியின் பின்புறத்தில் கார் ஒன்று மோதி, திரும்பி, இரண்டு சக்கரங்கள் சாலையோரச் சரிவில் இறங்கிய நிலையில் நிற்கிறது. ஓட்டுநருக்கு 38 வயது. டேஷ்போர்டு உள்ளே நெளிந்து பெடல்களோடு சேர்ந்து அவருடைய ஒரு பாதத்தையும் கணுக்காலையும் பிடித்திருக்கிறது. அவருக்கு முன்னால் இருந்த ஏர்பேக் விரிந்திருக்கிறது. பக்கத்து இருக்கைக்கானது விரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வந்த அவருடைய தாய்க்கு 63 வயது. அவராகவே கதவைத் திறந்து இறங்கி, சாலையோரத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

முதல் பிழை ஆம்புலன்ஸ் நின்ற இடம். காருக்கு நேர் பின்னால், ஓடுபாதையிலேயே நிறுத்தினார்கள். ஆம்புலன்ஸின் பின்கதவுதான் வேலை நடக்கும் இடம். ஸ்ட்ரெச்சர் இறங்குவதும் ஏறுவதும் அங்கேதான். அந்தக் கதவை வரும் வாகனங்களை நோக்கித் திறந்து வைத்தால், சறுக்கி வரும் அடுத்த வண்டிக்கு முதலில் அகப்படுவது பணியாளர்தான். மறித்து நிற்கப் பெரிய மீட்பு வண்டியோ காவல் வண்டியோ இருந்தால், ஆம்புலன்ஸ் விபத்து இடத்தைத் தாண்டிப் போய் அதன் மறைவில் நிற்க வேண்டும். தான்தான் முதல் வண்டி என்றால் சாய்வாக மறித்து, முன்சக்கரங்களை வேலை நடக்கும் இடத்துக்கு எதிர்ப்புறமாகத் திருப்பி வைத்து, மறிக்கும் வண்டி வந்ததும் இடம் மாற வேண்டும். இந்த நிகழ்வில் அதனால் தீங்கு ஏதும் நேரவில்லை. ஆனால் பின்னால் வந்த மீட்பு வண்டி நிற்க இடமில்லாமல் 30 மீட்டர் தள்ளி நின்றது. கனமான ஹைட்ராலிக் கருவிகளைக் கையில் தூக்கி வர வேண்டியதாயிற்று.

இரண்டாவது பிழை 1ஆம் நிமிடத்தில் நடந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. இளையவர் கட்டுப்பாட்டு அறைக்கு வயர்லெஸ்ஸில் சொன்னது இவ்வளவுதான்: “கார் லாரி மோதல், காயம் ஒருவர், நினைவோடு இருக்கிறார்.” முதல் தகவலில் ஏழு விஷயங்கள் வர வேண்டும் என்பது பல பாடத்திட்டங்களில் உண்டு: பெருவிபத்தா இல்லையா, துல்லியமான இடம், விபத்தின் வகை, ஆபத்துகள், வந்து சேரும் வழி, காயம்பட்டோர் எண்ணிக்கை, தேவைப்படும் உதவிகள். தேர்வில் கேட்டால் அவர் ஏழையும் ஒப்பித்துவிடுவார். களத்தில் ‘சிக்கியிருக்கிறார்’ என்பது விடுபட்டது; காயம்பட்டோர் இரண்டு என்பதும் விடுபட்டது. மீட்புக் குழுவை அழைத்தது 11ஆம் நிமிடத்தில்தான். அவர்கள் வந்து சேர 10 நிமிடம். முதல் தகவலிலேயே சொல்லியிருந்தால் 11இல் வந்திருப்பார்கள்; வந்தது 21இல்.

இது ஏன் நடக்கிறது? வகுப்பறையில் முதல் தகவலை உட்கார்ந்து சொல்லிப் பழகுகிறார்கள். களத்தில் அதை நடந்துகொண்டே, காரை நெருங்குவதற்கு முன்பே சொல்லிவிடுகிறார்கள். பார்க்காத ஒன்றைச் சொல்ல முடியாது. காரை ஒரு முறை முழுதாகச் சுற்றி வந்த பிறகே இரண்டாவது தகவல் கொடுப்பது கட்டாயம் என்று வைத்தால் இந்தப் பிழை பெரும்பாலும் மறைந்துவிடும். சுற்றி வர அரை நிமிடம் போதும். அந்தச் சுற்றிலேயே வண்டிக்கு அடியில் யாராவது கிடக்கிறார்களா, எரிபொருள் கசிகிறதா, மின்கம்பி தொங்குகிறதா, கார் எதன்மேல் நிற்கிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

காருக்குள்

2ஆம் நிமிடத்தில் இளையவர் பின்கதவைத் திறந்து உள்ளே ஏறினார். கார் சரிவுப் பக்கமாக ஒரு சாண் நகர்ந்தது. ஓட்டுநர் அலறினார்.

காரை நிலைப்படுத்துவது மீட்புக் குழுவின் வேலை என்பது பாதி உண்மை. படிக்கட்டு வடிவ முட்டுகளும் மரக்கட்டைகளும் அவர்களிடம்தான் இருக்கும். ஆனால் கை பிரேக்கை இழுப்பது, சாவியை அணைப்பது, கியரில் போடுவது, ஆம்புலன்ஸில் கிடக்கும் சக்கரக் கட்டையைச் சரிவுப் பக்கச் சக்கரத்துக்கு அணையாகக் கொடுப்பது ஆகிய நான்கும் ஆம்புலன்ஸ்காரர் கையில் இருப்பவை. எடை ஏறுவதற்கு முன் இவற்றை முடிக்க வேண்டும்.

இதிலேயே வரிசை ஒன்று இருக்கிறது; பலர் தவறவிடுவது இதைத்தான். பேட்டரியைக் கழற்றும் முன் மின்சாரத்தை வேலை வாங்கிக்கொள்ள வேண்டும். மின் கண்ணாடிகளை இறக்குங்கள், கதவுப் பூட்டுகளைத் திறங்கள், மின்விசை இருக்கை என்றால் நோயாளியின் கால் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு மெல்லப் பின்னுக்குத் தள்ளுங்கள், ஸ்டியரிங்கை மேலே தூக்குங்கள். பிறகுதான் பேட்டரி, எதிர்மின் (மைனஸ்) முனை முதலில். கழற்றிவிட்டு ‘அடடா, இருக்கையைத் தள்ளியிருக்கலாமே’ என்றால், அந்த 10 சென்டிமீட்டர் இடத்துக்காகக் கருவியைக் கொண்டுவர வேண்டியிருக்கும்.

விரியாத ஏர்பேக் பேட்டரியைக் கழற்றியவுடன் செத்துவிடாது. அதன் மின்தேக்கியில் மிச்சம் இருக்கும் மின்னூட்டம், வண்டியைப் பொறுத்துச் சில நொடிகளிலிருந்து பல நிமிடங்கள் வரை நிற்கும். பக்கவாட்டு ஏர்பேக்கிலிருந்து ஏறக்குறைய 12 சென்டிமீட்டர், ஸ்டியரிங்கிலிருந்து 25, பக்கத்து இருக்கைக்கான டேஷ்போர்டிலிருந்து 50 சென்டிமீட்டர் விலகி இருப்பது நடைமுறை விதி. மூத்தவர் பக்கத்து இருக்கை வழியாகக் குனிந்து, விரியாத ஏர்பேக்குக்கு நேர் முன்னால் தலையை வைத்து மூன்று நிமிடம் வேலை பார்த்தார். மின்சார, ஹைபிரிட் வண்டிகளில் இன்னொன்றும் உண்டு: இன்ஜின் சத்தமே இல்லாமல் வண்டி ஓடத் தயாராக நிற்கலாம். உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிறக் கம்பி எதையும் தொடுவதோ வெட்டுவதோ கிடையாது.

இளையவர் ஒன்றைச் சரியாகச் செய்தார். உள்ளே ஏறும் முன், ஓட்டுநரின் கண்ணுக்கு நேராக முன்கண்ணாடிக்கு வெளியே நின்று பேசினார்: “அண்ணா, கண்ணை மட்டும் அசைச்சு என்னைப் பாருங்க. தலையைத் திருப்பாதீங்க. எங்க வலிக்குது?” பக்கவாட்டில் வந்து தோளைத் தட்டினால் அவர் சட்டென்று கழுத்தைத் திருப்புவார். கழுத்தைப் பிடிக்கப் போகிறவரே கழுத்தை அசைத்துவிடுவார்.

இரத்தம்

4ஆம் நிமிடத்தில் டார்ச் வெளிச்சத்தில் பார்த்தபோது கால் மிதியில் இரத்தம் தேங்கி நின்றது. முழங்காலுக்குக் கீழே திறந்த எலும்பு முறிவு. காயத்துக்குக் கை எட்டவில்லை. மூத்தவர் தொடையில் டூர்னிக்கெட் போட முடிவெடுத்தது சரி. அவசரத்தில், எட்டாத காயத்துக்கு, துணிக்கு மேலேயே, முடிந்த மட்டும் உயரத்தில் கட்டுவது ஏற்கப்பட்ட முறை. காயம் கண்ணுக்குத் தெரிந்தால் அதற்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் மேலே, மூட்டின்மேல் படாமல்.

கட்டிய விதம் தவறு. பட்டையை மேலோட்டமாக இழுத்துவிட்டு, அதிலுள்ள முறுக்குக் குச்சியை ஒரு சுற்றுத் திருகிப் பூட்டினார். சற்று நேரத்தில் இரத்தம் கூடுதலாக வந்தது. காரணம் எளிது. குறைந்த அழுத்தம் சிரைகளை மட்டும் அடைக்கும். தமனி வழியாக இரத்தம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். திரும்பும் வழி அடைபட்டதால் எல்லாம் காயத்தின் வழியே வெளியேறும். அரைகுறை டூர்னிக்கெட் கட்டுவதைவிடக் கட்டாமல் இருப்பதே மேல்.

பட்டையின் தளர்வை முழுக்க இழுத்து எடுப்பதுதான் வேலையில் முக்கால்வாசி. பட்டைக்கும் தொடைக்கும் இடையில் விரல் நுழையக் கூடாது. அதன்பிறகே குச்சி. இரத்தம் நிற்கும்வரை திருக வேண்டும். பாதம் எட்டினால் அங்கே நாடித் துடிப்பு நின்றிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ‘வலிக்குது’ என்று நோயாளி கத்துவது தளர்த்துவதற்கான காரணம் ஆகாது; சரியாகக் கட்டினால் வலிக்கத்தான் செய்யும். நிற்காவிட்டால் முதலாவதற்குப் பக்கத்திலேயே, மேலே, இன்னொன்று. கட்டிய நேரத்தைப் பட்டையிலேயே எழுத வேண்டும்; மழையில் பால்பாயின்ட் பேனா எழுதாது, மார்க்கர் வேண்டும். இவர் 9ஆம் நிமிடத்தில் மறுபடி இறுக்கினார், நின்றது. ஆனால் நான்கு நிமிட இரத்தம் போனது போனதுதான்.

தேர்வு மேசையில் இவர் இதை 20 நொடியில் செய்தவர். அங்கே கால் நீட்டிக் கிடந்தது, கை காய்ந்திருந்தது, வெளிச்சம் இருந்தது. காருக்குள் இருக்கையின் முன்விளிம்பு தொடையை அழுத்திக்கொண்டிருக்க, பட்டையை அடியில் நுழைத்து, இரத்தமும் மழையும் வழுக்கும் கையுறையோடு இழுக்க வேண்டும். கையுறையில் கொஞ்சம் சமையல் எண்ணெய் தடவி, மின்விளக்கை அணைத்து, பழைய இருக்கையில் ஆளை உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்தால் அந்த 20 நொடி எவ்வளவு நீளும் என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.

ஆக்சிஜன் கணக்கு

8ஆம் நிமிடத்தில் மூச்சு நிமிடத்துக்கு 28, ஆக்சிஜன் செறிவு 91 விழுக்காடு, கதவுப் பக்க மார்பில் மூச்சொலி குறைவு. விலா முறிந்து, நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்திருக்கலாம். பையுள்ள முகமூடியில் நிமிடத்துக்கு 15 லிட்டர் கொடுத்தார்கள். சரியான முடிவு.

உருளையின் கொள்ளளவு 2 லிட்டர். அழுத்தமானி காட்டியது 120 பார். 2 பெருக்கல் 120, ஆக 240 லிட்டர். 15ஆல் வகுத்தால் 16 நிமிடம். இந்தக் கணக்கை யாரும் போடவில்லை. நிறைந்த உருளை 230 பாரில் 460 லிட்டர் கொடுக்கும். அப்போதும் அரை மணி நேரம்தான். சிக்கிய நோயாளிக்கு ஒரு கை உருளை போதாது என்பதை எடுத்தவுடனே முடிவு செய்து, இரண்டாவதைக் கொண்டுவந்து காருக்குப் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும்.

24ஆம் நிமிடத்தில் உருளை தீர்ந்தது. அதற்குள் வந்து வேலையைத் தொடங்கியிருந்த மீட்புக் குழுவின் கட்டர் இரைச்சலில் யாருக்கும் தெரியவில்லை. 26இல் செறிவு 86க்கு இறங்கியது. மூத்தவர் மார்புக் காற்று அழுத்தம் கூடிவிட்டது என்று முடிவு கட்டி, ஊசியை உறையிலிருந்து எடுத்துவிட்டார். வயது வந்தவருக்கு இப்போதைய வழிகாட்டுதல் நான்காம் அல்லது ஐந்தாம் விலா இடைவெளியில், அக்குளின் நடுக்கோட்டுக்குச் சற்று முன்னால். ஏறக்குறைய 8 சென்டிமீட்டர் நீள ஊசி. இடம், ஊசி எல்லாம் அவருக்குத் தெரியும். பின்னிருக்கையில் இருந்த இளையவர் சொன்னார்: “அண்ணே, பை சுருங்கிக் கிடக்கு.” புதிய உருளை மாட்டியதும் செறிவு 93க்கு ஏறியது.

அந்த ஒரு வாக்கியம் தேவையில்லாத ஊசி ஒன்றைத் தடுத்தது. செறிவு இறங்கினால் உருளையிலிருந்து நோயாளி வரை கண்ணை ஓட்ட வேண்டும்: அழுத்தமானி, குழாய், பை, முகமூடி, பிறகு மார்பு. ஐந்து நொடி வேலை. அழுத்தக் காற்றாக இருந்தால் செறிவோடு இரத்த அழுத்தமும் சரியும், நாடி ஏறும், ஒருபக்க மார்பு மூச்சோடு அசையாமல் நிற்கும். இளையவர் மூத்தவரைத் திருத்தியது பண்புக் குறைவல்ல. அப்படித் திருத்துவதற்கே பயிற்சியில் மதிப்பெண் வைக்க வேண்டும்.

இன்னொரு ஆபத்தும் இங்கே இருக்கிறது. மூடிய காருக்குள் 16 நிமிடம் ஆக்சிஜன் பீறிட்டால் உள்ளே காற்று செறிவாகிவிடும். ஹைட்ராலிக் கட்டர் பெரும்பாலும் தீப்பொறி தராது. ரம்பமும் கிரைண்டரும் தரும். அவை ஓடும்போது ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும், வெட்டும் இடத்துக்குப் பக்கத்தில் உருளை இருக்கக் கூடாது. இதை மீட்புக் குழுவுக்கு வாய்விட்டுச் சொல்வது ஆம்புலன்ஸ்காரரின் பொறுப்பு.

வலிக்கு முதலில் கை போனது நைட்ரஸ் ஆக்சைடு கலவைக்கு. மார்பில் காற்று சேர்ந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும்போது அதைக் கொடுக்கக் கூடாது. அது அந்தக் காற்றுப் பைக்குள் புகுந்து அதைப் பெருக்கும். மூத்தவர் அதை நினைவுகூர்ந்து நிறுத்தி, சிரை வழியாகக் குறைந்த அளவு கெட்டமின் கொடுத்தார். 17இல், உறைந்த இரத்தம் கரைவதைத் தடுக்கும் டிரானெக்சாமிக் அமிலம் 1 கிராம், 10 நிமிடத்தில் போகும்படி. 2010இல் வெளியான, 20,000க்கும் மேற்பட்ட காயமடைந்தோரை உள்ளடக்கிய கிராஷ்-2 ஆய்வுக்குப் பிறகு இது வழக்கத்துக்கு வந்தது. 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பயன். பிந்தினால் தீங்காகவும் ஆகலாம்.

21ஆம் நிமிடம்: இரண்டு தலைவர்கள்

மீட்புக் குழுத் தலைவர் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். “கூரையை எடுத்துட்டா வேலை சுலபம் சார்.” மூத்தவர் பதில்: “சரி, சீக்கிரம் பாருங்க.”

நிகழ்வு முழுவதிலும் விலை அதிகமான உரையாடல் இதுதான். தலைவர் மனதில் கூரையும் டேஷ்போர்டும் சேர்ந்து 25 நிமிட வேலை. மூத்தவர் மனதில் 10 நிமிடம். எண் யார் வாயிலிருந்தும் வரவில்லை. நோயாளியின் இரத்த அழுத்தம் 98இலிருந்து 90க்கு இறங்கிக்கொண்டிருப்பது தலைவருக்குத் தெரியாது. கூரையை எடுக்காமல், கதவைக் கழற்றி, ராம் என்னும் தள்ளுகருவியால் டேஷ்போர்டை முன்னுக்குத் தள்ளினால் 10 நிமிடத்தில் முடியும் என்பது மூத்தவருக்குத் தெரியாது. 23இல் வெட்டத் தொடங்கினார்கள். 29இல் அழுத்தம் 82 ஆனது. அப்போதுதான் மூத்தவர் “எத்தனை நிமிஷம் ஆகும்?” என்று கேட்டார். திட்டம் மாறியது. 39இல் ஓட்டுநர் வெளியே வந்தார்.

கணக்கைப் பாருங்கள். மீட்புக் குழு 11இல் வந்திருந்தால், பேசிக்கொள்ள 2 நிமிடம், கதவும் ராமும் 10 நிமிடம், ஆக 23. 16 நிமிடத்தில் 10 முதல் தகவலில் போனது. 6 இந்தப் பேச்சில் போனது. கட்டரின் வேகத்தாலோ கைத்திறன் குறைவாலோ எதுவும் போகவில்லை.

இரு தலைவர்களும் முதலில் பேசும்போது நான்கு பதில்கள் வெளிப்பட வேண்டும். நோயாளி நிலையாக இருக்கிறாரா, இறங்கிக்கொண்டிருக்கிறாரா? அவருக்கு எத்தனை நிமிடம் இருக்கிறது? முதல் திட்டம் எது, எத்தனை நிமிடம்? திடீரென்று மோசமானால் உடனே இழுத்து எடுக்கும் மாற்றுவழி எது? இரண்டு திட்டத்தையும் எல்லோர் காதிலும் விழும்படி திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை வேலையை நிறுத்தி நிலையை ஒப்பிட வேண்டும்.

ஆம்புலன்ஸ்காரருக்குக் கட்டர் பிடிக்கத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் எந்த வெட்டு எவ்வளவு நேரம் எடுக்கும், எந்தப் பக்கம் திறந்தால் எந்த வழியாக நோயாளி வெளியேறுவார் என்பது தெரிந்திருக்க வேண்டும். உள்ளே இருப்பவர் சும்மாவும் இருக்கக் கூடாது. கூரையைத் தாங்கும் தூண்களின் உள் பிளாஸ்டிக் உறையை நெம்பி எடுத்து, ஜன்னலை மறைத்து விரியும் திரை ஏர்பேக்கின் வாயுக் குப்பி எங்கே இருக்கிறது என்று காட்டலாம். அதன்மேல் கட்டர் விழுந்தால் வெடிக்கும். கண்ணாடி உடைக்கும் முன் நோயாளிமீது மென்மையான போர்வை, கருவிக்கும் அவருக்கும் இடையில் கெட்டியான தடுப்புப் பலகை. பக்கவாட்டுக் கண்ணாடி பெரும்பாலும் கீழ் மூலையில் குத்தினால் துகளாகக் கொட்டும்; முன்கண்ணாடி இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் ஒட்டியது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

கசங்கல் நோய் பற்றி ஒரு வார்த்தை. தொடை, இடுப்பு போன்ற பெரிய தசைப்பகுதி ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குமேல் நசுங்கியிருந்தால், விடுவித்த கணத்தில் பொட்டாசியம் இரத்தத்தில் பாய்ந்து இதயம் நிற்கலாம். அப்போது விடுவிக்கும் முன்பே சிரைக் குழாய், உப்பு நீர், இதய வரைபடம் தயாராக இருக்க வேண்டும். இங்கே சிக்கியது பாதமும் கணுக்காலும் மட்டும், நேரமும் குறைவு. மூத்தவர் அதற்காகக் காத்திருக்காதது சரி.

நடந்து வந்த அம்மா

“எனக்கு ஒண்ணும் இல்லப்பா, பிள்ளையைப் பாரு.” 3ஆம் நிமிடத்தில் அந்த அம்மா சொன்னது இது. 33ஆம் நிமிடம் வரை அவரை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. அப்போது அவர் வெளிறி, வியர்த்து, நாடி 124இல் இருந்தார். அடிவயிற்றின் குறுக்கே சீட் பெல்ட் பட்டையின் கன்றிய தடம். வயிற்றுக்குள் இரத்தக் கசிவு என்றே எடுத்துக்கொள்ள வேண்டிய நிலை. இரண்டாவது ஆம்புலன்ஸை அழைத்தது அப்போதுதான். அது 46இல் வந்தது. அதுவரை முதல் வண்டியும் கிளம்ப முடியவில்லை. வெளியே வந்த ஓட்டுநர் ஏழு நிமிடம் ஸ்ட்ரெச்சரில் காத்திருந்தார்.

நடக்கிறவரைப் பின்னுக்குத் தள்ளுவது பலர் அடிபட்ட இடத்தில் முதல் வடிகட்டலுக்கு மட்டுமே பொருந்தும் விதி. அங்கேயும் மறுபடி பார்க்க வேண்டும் என்பது அதன் இரண்டாம் பாதி. இரண்டே பேர் அடிபட்ட இடத்தில் அந்த விதியே தேவையில்லை. அவர் தானாக இறங்கியது தவறல்ல. ஆரோக்கியமான தன்னார்வலர்களை வைத்து அளந்த ஆய்வுகளில், தானாக இறங்குபவரின் கழுத்து, மற்றவர்கள் சேர்ந்து தூக்கி எடுப்பவரின் கழுத்தைவிடக் குறைவாகவே அசைகிறது. சொல்வதைப் புரிந்துகொண்டு, ஒரு காலையாவது ஊன்றி நிற்க முடிந்து, எதிலும் சிக்காமல் இருப்பவரை மெதுவாகத் தானே இறங்கச் சொல்வதுதான் இப்போது நல்ல பழக்கம். கூரையை எடுத்து, நீண்ட பலகையில் வழுக்கவைத்து எடுத்தால்தான் பாதுகாப்பு என்று பழைய பாடத்தில் வளர்ந்த பயிற்றுநர்களுக்கு இது இன்னும் கசக்கிறது. பலகை, நோயாளியைக் காரிலிருந்து வெளியே எடுப்பதற்கான கருவி மட்டுமே. படுக்கவைத்துக் கொண்டுபோவதற்கு, இரண்டாகப் பிரித்து நோயாளிக்கு அடியில் நுழைக்கும் ஸ்கூப் ஸ்ட்ரெச்சரும் காற்று உறிஞ்சிய மெத்தையும் போதும்.

இரண்டு பேருக்கு மூன்று வேலை இருந்தது: உள்ளே ஒருவர், வெளியே கட்டளைக்கு ஒருவர், அம்மாவுக்கு ஒருவர். இதைப் பயிற்சியால் சரிசெய்ய முடியாது; ஆள் வேண்டும். ஆள் வேண்டும் என்று 1ஆம் நிமிடத்திலேயே சொல்லப் பயிற்றுவிக்கலாம்.

தகுதி எதை அளக்கிறது

1966இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் அறிக்கை, நாட்டின் ஆம்புலன்ஸ் சேவையில் ஏறக்குறைய பாதியைச் சவ அடக்க நிறுவனங்கள் நடத்துவதைச் சுட்டிக்காட்டியது. படுக்கவைத்துக் கொண்டுபோகும் வண்டி அவர்களிடம்தான் இருந்தது. அங்கிருந்து தொழில் வெகுதூரம் வந்துவிட்டது. அமெரிக்காவில் இப்போது நான்கு நிலைகள்: முதலில் போய் உதவுபவர், அடிப்படை நுட்பர், மேல்நிலை நுட்பர், பாராமெடிக். பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து பாராமெடிக் பதிவுக்குப் பட்டப்படிப்பே குறைந்தபட்சத் தகுதி. ஆஸ்திரேலியாவில் 2018 டிசம்பர் 1 முதல் நாடு தழுவிய பதிவு கட்டாயம்.

மீட்புத் திறனுக்கு வேறு ஏணி. அமெரிக்கத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் தரநிலைகள் மூன்று படிகள் வைக்கின்றன: ஆபத்தை அடையாளம் காணும் விழிப்புநிலை, எளிய மீட்பைச் செய்யும் செயல்நிலை, முழு மீட்பையும் கையாளும் வல்லுநர்நிலை. பெரும்பாலான ஆம்புலன்ஸ்காரர்களுக்கு முதல் படியில் நின்றால் போதும் என்பது வழக்கம். சாலை விபத்தைப் பொறுத்தவரை அது போதாது என்பதற்கு மேலே சொன்ன நிகழ்வே சாட்சி. காருக்குள் ஏறி உட்காருகிறவர் செயல்நிலையில்தான் இருக்கிறார், சான்றிதழில் என்ன எழுதியிருந்தாலும்.

புதுப்பிப்பு மணிக்கணக்கில் நடக்கிறது. அமெரிக்கத் தேசியப் பதிவேட்டில் அடிப்படை நுட்பர் 2 ஆண்டுக்கு 40 மணி நேரமும், பாராமெடிக் 60 மணி நேரமும் தொடர்கல்வி காட்ட வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஆண்டுக்கு 30 மணி. அதில் குறைந்தது 8 மணி பிற பணியாளர்களோடு கலந்து செய்வது. அந்த எட்டு மணியில் ஒரு மணியாவது மீட்புக் குழுவோடு கழிய வேண்டும் என்று எந்த விதியும் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருந்தால் 21ஆம் நிமிடப் பேச்சு வேறு மாதிரி இருந்திருக்கும்.

பயிற்சியை மாற்றிக் கட்டுவது

ஒரு பழைய கார் வேண்டும். எரிபொருளை வடித்து, பேட்டரியைக் கழற்றி, ஏர்பேக் குப்பிகளை வல்லுநரைக் கொண்டு எடுத்த பிறகே யாரும் அதைத் தொடலாம். காரைச் சரிவில் நிறுத்தி, கீழே நழுவாதபடி பயிற்றுநர் மட்டும் அறிந்த கம்பியால் கட்டி வையுங்கள். நிலைப்படுத்தாமல் ஏறினால் ஒரு சாண் நகர வேண்டும், அதற்குமேல் நகரக் கூடாது. நகர்ந்ததை உணர்ந்தவர் அதை மறக்கமாட்டார். விசில் வைத்த பாதுகாப்பு அலுவலர் ஒருவர், வேறு வேலை எதுவும் இல்லாமல்.

உள்ளே நடிகர் ஒருவர், வெளியே ‘எனக்கு ஒண்ணும் இல்ல’ என்று சொல்லத் தெரிந்த இன்னொருவர். ஆக்சிஜன் உருளையை வேண்டுமென்றே பாதி அழுத்தத்தில் வையுங்கள். மீட்புக் குழுத் தலைவராக வருபவரிடம், கேட்டாலொழிய நிமிடக் கணக்கைச் சொல்ல வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். வெளிச்சத்தைக் குறைத்து, ஜெனரேட்டரை ஓடவிடுங்கள். அந்த இரைச்சல் இல்லாமல் செய்யும் பயிற்சி பாதிப் பயிற்சி.

மதிப்பிட ஏழு நேரங்களைக் குறித்தால் போதும்: காரைச் சுற்றி முடித்த நேரம், ‘சிக்கியுள்ளார், இருவர்’ என்ற தகவல் போன நேரம், வண்டி நிலைப்பட்ட நேரம், இரத்தம் நின்ற நேரம், ஆக்சிஜன் எத்தனை நிமிடம் வரும் என்று வாய்விட்டுச் சொன்ன நேரம், இரு தலைவர்களும் எண்ணோடு திட்டம் பேசிய நேரம், இரண்டாமவரின் நாடியைத் தொட்ட நேரம். இந்த ஏழில் கைத்திறன் இரண்டே இரண்டு. திறன் மேசைகளை விட்டுவிட வேண்டும் என்று பொருளல்ல, டூர்னிக்கெட்டும் சி.பி.ஆரும் சில மாதங்கள் தொடாமல் விட்டாலே மங்கும். ஆண்டுக்கு ஒரு முழு நாளைவிட, மூன்று மாதத்துக்கு ஒரு முறை 40 நிமிடம் கூடுதல் பலன் தரும்.

பயிற்சியின் இறுதி நிமிடம் ஒப்படைப்புக்கு. வயது, நேரம், அடிபட்ட விதம், காயங்கள், அறிகுறிகளும் அளவுகளும், கொடுத்த சிகிச்சை. 45 நொடிக்குள், குறிப்பைப் பார்த்து, ஸ்ட்ரெச்சரிலிருந்து மாற்றும் முன். டூர்னிக்கெட் கட்டிய நேரமும், அதை மறுபடி இறுக்கிய நேரமும் தனித்தனியே சொல்லப்பட வேண்டும். தசை இரத்தமின்றி இருந்த கணக்கை மருத்துவர் தொடங்குவது இரண்டாவதிலிருந்துதான்.